ஜன்ம நட்சத்திரம் கேட்கும் யந்திரம்

கொடைக்கானலுக்குப் போய் வந்தவர்களில் பெரும்பாலோர் தங்கள் வாழ்நாளில் முதன்முதலாகத் தொலைநோக்கி ஒன்றில் கண்ணை வைத்தது கோக்கர்ஸ் வாக்கில்தான் இருக்கும். கோக்கர் என்ற ஆங்கிலேய லெப்டினென்ட் 1872-இல் மலைவிளிம்பை ஒட்டி அமைத்த அந்த நடைபாதையில், சில்லறை கொடுத்து, வரிசையில் நின்று, முன்னால் இருப்பவர் நகர்வதற்குள் பொறுமையிழந்து, கடைசியில் நமக்குக் காணக் கிடைப்பவை பெரியகுளத்துக் கூரைகளும், ஆகாயம் தெளிந்த நாளில் தூரத்து மதுரையுந்தாம். குழல் எப்போதும் கீழ்நோக்கியே சாய்ந்திருக்கும். மலை ஏறி வந்து, விட்டு வந்த சமவெளியையே திரும்பிப் பார்ப்பதில் நமக்கு இருக்கும் ஆனந்தம் விசித்திரமானதுதான்.

அதே ஊரில், இன்னும் சற்று மேலே, கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரத்தில், மேல்நோக்கிப் பார்க்கும் தொலைநோக்கிகளும் நூறாண்டுகளுக்கு மேலாக இருந்து வருகின்றன. சென்னை நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் 1792-இல் நிறுவிய வானாராய்ச்சி நிலையத்தின் வாரிசாக, 1899-இல் இங்கே சூரிய ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1909-இல் ஜான் எவர்ஷெட் என்பவர், சூரியப் புள்ளிகளின் ஓரத்து மங்கற்பகுதியில் வாயுக்கள் வெளிநோக்கிப் பரவிச் செல்கின்றன என்பதை இங்கிருந்துதான் கண்டறிந்தார். அந்த விளைவு இன்றைக்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவருடைய மனைவி மேரி எவர்ஷெட், கல்யாணத்துக்கு முன் ஆஸ்திரேலியாவில் தங்கியிருந்தபோது அங்குள்ள ஆகாயத்தைக் கண்டு, தென்திசை நட்சத்திரங்களை எளிய ஜனங்களுக்கு அறிமுகப்படுத்தும் வழிகாட்டி நூல் ஒன்றை 1890-களில் எழுதியவர். கணவரோடு அவர் வந்து சேர்ந்த மலையில், அந்த நட்சத்திரங்களில் மிகப் பல வீட்டு வாசலிலிருந்தே தெரிந்தன.

சென்னை நிலையத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரியாரையும் இவ்விடத்தில் நினைக்காமல் மேலே செல்ல எனக்கு மனம் வரவில்லை. 1867-இல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்த அவரே, பழைய வாக்கியங்களை நம்பி எழுதிய பஞ்சாங்கத்துக்கும் ஆகாயத்தில் கண்ணுக்குத் தெரியும் நிலைக்கும் இடையே வளர்ந்திருந்த வித்தியாசத்தைக் கண்டு பொறாமல், கண்டதற்கு இசையக் கணித்த பஞ்சாங்கத்தை வெளியிட்டவர். திருக்கணிதம் என்று நாம் சொல்லும் சொல்லில் உள்ள ‘திருக்’ என்பதற்குப் பார்வை என்றே அர்த்தம். ஆயினும் பார்வை பஞ்சாங்கத்துக்குள் புகுந்த பிறகும் பஞ்சாங்கத்தைப் பார்ப்பவர்கள் ஆகாயத்தைப் பார்க்கவில்லை என்பதற்கு என் நண்பரே சாட்சி.

அவர் வில்பட்டிச் சாலையில் சிறிய வீடு ஒன்றை வாங்கிக் குடியேறியவர். ஐம்பத்திரண்டு வயதில், பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்ட தனிமையில், கணிப்பொறி பொருத்திய தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். அதை வாங்குமுன் அவர் என்னிடம் கேட்ட கேள்விகளும், வாங்கியபின் இருவரும் சேர்ந்து பட்ட அவஸ்தைகளுமே இக்கட்டுரைக்குக் காரணம்.

இந்த யந்திரம் செய்யும் காரியம் இன்னதென்று முதலில் சொல்லிவிடுகிறேன். முக்காலியின் மேல் ஒற்றைக் கையாக நிற்கும் தாங்கியில் இரண்டு மோட்டார்கள் உண்டு. ஒன்று குழலைத் திசைதோறும் சுற்றும், மற்றொன்று மேலும் கீழும் ஏற்றி இறக்கும். டி.வி. ரிமோட் போன்ற கைக்கருவியில் பல ஆயிரம் ஆகாயப் பொருள்களின் இருப்பிடம் பதிந்திருக்கும். ஊர், தேதி, நேரம் ஆகியவற்றைச் சொல்லி, இரண்டு நட்சத்திரங்களை நாமே குழலின் நடுவில் கொண்டுவந்து நிறுத்திப் பெயரையும் அறிவித்துவிட்டால், அதற்குப் பின் எந்தப் பொருளைக் கேட்டாலும் அது தானாகவே திரும்பி அதன்மேல் நின்று, பூமியின் சுழற்சியால் அது நழுவிவிடாதபடி பின்தொடர்ந்துகொண்டும் இருக்கும்.

நமது மலைக்கு இவ்வகைத் தாங்கி பொருந்துவதற்குப் பூகோளரீதியான காரணம் ஒன்றும் உண்டு. பழைய முறையில் நட்சத்திரத்தைப் பின்தொடர வேண்டுமானால், தொலைநோக்கியின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். ஐரோப்பாவில் அந்த நட்சத்திரம் பாதி ஆகாயத்தில் நிற்கிறது. நாம் இருப்பதோ பத்தேகால் பாகை அட்சரேகையில். ஆகவே துருவனும் அடிவானத்திலிருந்து ஏறத்தாழப் பத்துப் பாகை உயரத்துக்கு மேல் எழுவதில்லை. கையை நீட்டி முஷ்டி பிடித்தால் அந்த முஷ்டியின் அளவே அவ்வுயரம். அதுவும் கொடைக்கானலில் வடக்கு என்பது பழனியின் திசை. யூகலிப்டஸ் மரங்கள் மறைக்காத இடம் கிடைத்தாலும், அடிவாரத்து ஊர்களின் விளக்கொளி மேலெழுந்து பரவியிருக்கும் மங்கலில் துருவனைத் தேடிக் களைத்துப்போக வேண்டியதுதான். துருவனை லட்சியம் செய்யாமல், கண்ணில் படும் ஏதேனும் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்களைக் கொண்டே திருப்தியடையும் யந்திரம் நமக்கு வரப்பிரசாதம்.

இனி, எதை வாங்குவது? கடைக்காரர்கள் முதலில் சொல்வது எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதை. அதைக் காதில் போட்டுக்கொள்ளவே வேண்டாம். பெரிதாக்கும் மடங்கு என்பது குழலின் குவியத் தூரத்தைக் கண்ணருகு லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து வரும் ஈவு, அவ்வளவே. லென்ஸை மாற்றினால் அதுவும் மாறும். மாறாதது வாயின் அகலம். இருளில் முழுவதும் விரிந்த நம் கண்மணி ஏழு மில்லிமீட்டர் என்று கொண்டால், 130 மில்லிமீட்டர் கண்ணாடி அதைப்போல் சுமார் 345 மடங்கு ஒளியைச் சேகரிக்கிறது. ஒரே விலைக்கு மோட்டார் வைத்த சிறிய தொலைநோக்கியும் கிடைக்கும், கையால் தள்ளித் திருப்பும் பெரிய தொலைநோக்கியும் கிடைக்கும். கணிப்பொறிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் கண்ணாடியின் அகலத்திலிருந்து கழிகிறது என்பதை மறக்கலாகாது. எழுபது மில்லிமீட்டருக்கும் குறைவான குழலில் மோட்டாரைப் பொருத்தி விற்பதை நான் சிலாகிப்பதில்லை. ஆயிரக்கணக்கான பொருள்களின் ஜாபிதாவை வைத்துக்கொண்டு அவற்றில் சிலவற்றை மட்டுமே காட்டக்கூடிய கருவி, சமையற்காரன் இல்லாத ஹோட்டலின் உணவுப் பட்டியலை ஒத்தது.

நண்பரின் தேர்வு இரண்டில் ஒன்றாக வந்து நின்றது. ஒன்று, செலஸ்ட்ரான் கம்பெனியாரின் 102 மில்லிமீட்டர் மாக்சுடோவ் வகை. பார்ப்பதற்குக் குட்டையாக, ஒரு பெரிய டிபன் காரியர் போல இருக்கும், ஆனால் ஒளி உள்ளே மடிந்து மடிந்து செல்வதால் குவியத் தூரம் 1,325 மில்லிமீட்டர். மற்றொன்று, அதே கம்பெனியாரின் 130 மில்லிமீட்டர் நியூட்டன் வகை. குழல் நீளமானது, குவியத் தூரம் 650 மட்டும். முன்னதில் 25 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தினால் 53 மடங்கும், பின்னதில் 26 மடங்கும் கிடைக்கும். சந்திரனின் பள்ளங்களுக்கும் சனியின் வளையத்துக்கும் முன்னது உயர்ந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கார்த்திகைக் கூட்டம் ஆகாயத்தில் ஏறக்குறைய இரண்டு பாகை அகலம், அதாவது நான்கு பூர்ண சந்திரர்களை வரிசையாக வைத்த அகலம். முன்னதன் பார்வைப்புலம் ஒரு பாகைக்குள் அடங்கிவிடுவதால் கார்த்திகையைத் துண்டு துண்டாகத்தான் அது காட்டும். தீபத்துக்குரிய கார்த்திகையை முழுசாகப் பார்க்க முடியாத தொலைநோக்கி வேண்டாம் என்று நண்பர் முடிவு செய்தார். சாஸ்திரீயமான காரணமோ அல்லவோ, எனக்கு அது நியாயமாகவே பட்டது.

மார்ச்சு மாதம் ஐந்தாம் தேதி இரவு எட்டு மணிக்கு, முற்றத்தின் சிமெண்டுத் தரையில் முக்காலியை நிறுத்தினோம். மரப்பலகைத் திண்ணையில் வைத்தால் நடக்கும்போதெல்லாம் குழல் நடுங்கும். ஈரமண்ணில் வைத்தால் ஒரு கால் மெல்ல இறங்கும். மட்டம் பார்த்து, அரைமணி நேரம் குளிரில் வைத்துக் கண்ணாடியை வெளிக்காற்றின் உஷ்ண நிலைக்குப் பழக்கிய பின்பு, விசையை அழுத்தினோம்.

யந்திரம் உடனே கேட்டது நட்சத்திரப் பெயரை. திரையில் ஓடிய பட்டியலில் பெட்டல்ஜூஸ், ஆல்டிபரான், ரெகுலஸ், ஸ்பைகா, ஆர்க்டரஸ் என்று அரபியும் லத்தீனும் கிரேக்கமும் கலந்த பெயர்கள் வந்தன. நண்பர் திகைத்து நின்றார். “இதில் ஒன்றையும் நான் கேள்விப்பட்டதே இல்லையே, சார்!” என்றார். அவருடைய ஜன்ம நட்சத்திரம் திருவாதிரை. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போதெல்லாம் ஐம்பது வருஷங்களாக அந்தப் பெயரைச் சொல்லி வந்திருக்கிறார். முதலில் ஓடிய பெட்டல்ஜூஸ்தான் திருவாதிரை என்று சொல்லி, தலைக்கு நேர் மேலே செக்கச்செவேலென்று நின்ற அதைச் சுட்டிக்காட்டியபோது, அவர் வெகுநேரம் கழுத்தை நிமிர்த்தியபடியே நின்றார். ஆல்டிபரான் ரோகிணி, ரெகுலஸ் மகம், ஸ்பைகா சித்திரை, ஆர்க்டரஸ் சுவாதி. அண்டாரஸ் கேட்டை, அல்டேர் திருவோணம், கனோபஸ் அகத்தியர். இந்த எட்டுப் பெயர்களை ஒரு காகிதத்தில் எழுதித் தொலைநோக்கியின் பெட்டிக்குள் ஒட்டி வைத்துக்கொண்டால், வருஷத்தின் எந்த மாதத்திலும் யந்திரத்துக்குப் பதில் சொல்ல இரண்டு பெயர்களாவது அகப்படும்.

தம் நட்சத்திரத்தையே முதலில் காட்ட வேண்டும் என்று நண்பருக்கு ஆசை. ஆனால் உச்சிக்கு அருகில் உள்ள நட்சத்திரத்தில் இவ்வகைத் தாங்கிக்குத் திசை தடுமாறும். மேலும் இரண்டு நட்சத்திரங்களும் ஒன்றுக்கொன்று நன்றாக விலகியிருப்பதே உத்தமம். ஆகவே மேற்கே சாய்ந்திருந்த ரோகிணியையும் கிழக்கே ஏறிக்கொண்டிருந்த மகத்தையும் தேர்ந்தோம். ரோகிணி சுலபமாக அமைந்தது. அடுத்து மகத்தைத் தேடிப் புறப்பட்ட குழலோ, கிழக்கே மகம் ஜொலித்துக்கொண்டிருக்க, அதைச் சட்டை செய்யாமல் தன்போக்கில் உச்சியை நோக்கி முகத்தை உயர்த்திக்கொண்டே போயிற்று. இரண்டு முறை அணைத்து மீண்டும் தொடங்கியும் அதே பிடிவாதம். விற்றவர்களை நண்பர் வைது தீர்த்தபின், குற்றம் என்னுடையதென்று கண்டுபிடித்தேன். ஐந்தாம் தேதி மூன்றாம் மாதம் என்று நம் வழக்கப்படி நான் இலக்கங்களைப் போட்டிருந்தேன். அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வாசிக்கும் அந்தக் கருவி அதை மே மாதம் மூன்றாம் தேதி என்று எடுத்துக்கொண்டது. மே மூன்றாம் தேதி இரவு எட்டு மணிக்கு மகம் உச்சியில்தான் இருக்கும். யந்திரம் தன் கணக்கில் இம்மியும் பிசகவில்லை.

நேரத்திலும் இதே ஜாக்கிரதை தேவை. உலக நேரத்தோடு நமக்குள்ள ஐந்தரை மணி வித்தியாசத்தில் அந்த ‘அரை’யை விட்டுவிட்டால், கருவியின் கணக்கில் ஆகாயம் ஏழரைப் பாகை நகர்ந்துவிடும், பதினைந்து சந்திரர்களை வரிசையாக வைத்த தூரம் அது.

வேறு சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கருவியோடு போடச் சொல்லும் சிறு பாட்டரிகள் மலைக்குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். பன்னிரண்டு வோல்ட் பாட்டரி ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வது நலம். மாக்சுடோவ் போல முன்கண்ணாடி உள்ள குழலானால் பனி அதில் படிந்துவிடும். கறுப்பு அட்டையை உருட்டி வாயில் செருகினால் ஓரளவு தடுக்கலாம். ஈரத்தோடு பெட்டியில் வைத்து மூடினால் பூசணம் பிடிக்கும். ஊரின் விளக்குகளை விட்டு விலகிப் பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் கொண்டுபோனால் ஆகாயம் இன்னும் கறுக்கும், ஆனால் காட்டெருமைகள் சப்தமின்றி நடமாடும் மலை இது. வேலியில்லாத வெளியில் தனியே நிற்பது விவேகமல்ல. சூரியனைப் பார்ப்பதற்கென்று 1904 முதல் நாள்தோறும் படமெடுத்து வரும் நிலையம் இவ்வூரில் இருக்கிறது என்பதற்காக, உங்கள் குழலையும் அதன்பால் திருப்பிவிடக் கூடாது. குழலின் வாயை முழுதும் மூடும் தகுந்த வடிகட்டி இன்றி ஒரு கணம் பார்த்தாலும் கண் போய்விடும்.

மாதமும் முக்கியம். இரண்டு பருவமழைகளும் நனைக்கும் மலை இது. நட்சத்திர ஆராய்ச்சிக்கு இதைவிட மேகம் குறைந்த இரவுகள் வேண்டுமென்று தேடித்தான், 1960-இல் இங்கே தலைமையேற்ற வைணு பாப்பு, ஜவ்வாது மலையில் காவலூரைக் கண்டு அங்கே தொலைநோக்கிகளை நிறுவினார். நமக்கு ஜனவரி முதல் மார்ச்சு வரை உள்ள நிர்மலமான இரவுகள் போதும். அவற்றிலும் அமாவாசையை ஒட்டிய இரவுகள் சிரேஷ்டம்.

அன்றிரவு தேதியைத் திருத்தியபின் எல்லாம் ஒழுங்காயிற்று. திருவாதிரைக்குத் தெற்கே உள்ள ஒளிமேகத்தைப் பார்த்தோம். தெற்கே அகத்தியரைப் பார்த்தோம். ஒரு மணி வரை விழித்திருந்ததற்குப் பலனாக, தென்கிழக்கு மரங்களுக்கு மேல் எழுந்துவிட்ட ஒமேகா செண்டாரி என்ற நட்சத்திரக் கோளத்தைக் கேட்டோம். லண்டனில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்கு மேல் ஒருநாளும் வருவதில்லை. நமக்கோ அது முப்பது பாகைக்கும் சற்று மேலே உயர்ந்து வந்து போகிறது. ஏறக்குறைய ஒரு கோடி நட்சத்திரங்கள், பதினேழாயிரம் ஒளியாண்டுத் தூரத்தில். கண்ணருகு லென்ஸில் தெரிந்ததென்னவோ, கறுப்புத் துணியில் சிந்திய ஒரு பிடி ரவை.

நண்பர் மனைவியை எழுப்பிக்கொண்டு வருவதற்குள் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்துவிட்டது. முதலில் மரங்கள் போயின, பிறகு நட்சத்திரங்கள், பிறகு எல்லாம். கம்பளியைப் போர்த்தியபடி அம்மாள் லென்ஸில் கண்ணை வைத்து, “ஒன்றுமே தெரியவில்லையே!” என்றார். மோட்டார் மட்டும், மெல்லிய ரீங்காரத்தோடு, மஞ்சுக்கு அப்பால் மேற்கே நகர்ந்துகொண்டிருந்த அந்தக் கோளத்தை விடாமல் பின்தொடர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது.