குதிரை தேறினால் வீரர் 'பாஸ்'!

பேனா வேண்டாம், காகிதம் வேண்டாம். குதிரைதான் விடைத்தாள்! இப்படியும் ஒரு பரீட்சை உண்டு.

ஆஸ்திரியா நாட்டின் தலைநகர் வியன்னா. அங்கே "ஸ்பானிய சவாரிப் பள்ளி" இருக்கிறது. வயது 450 ஆண்டுக்கு மேல்! ஆதியில் ஸ்பெயின் நாட்டுக் குதிரைகளை வைத்துப் பழக்கியதால் இந்தப் பெயர். இப்போது இருப்பவை "லிப்பிசானர்" இன ஆண் குதிரைகள். குட்டியாக இருக்கும்போது கறுப்பு அல்லது பழுப்பு. வளர வளரப் பெரும்பாலும் வெள்ளையாகிவிடும்.

கடிவாளம் கிடையாது

புதிய மாணவர் கடிவாளம் பிடிக்கக்கூடாது. கால் வைக்க அங்கவடியும் கிடையாது. நீண்ட வாரில் கட்டிய குதிரை வட்டமாக ஓடும். அதன் முதுகில் ஆடாமல் அசையாமல் உட்காரவேண்டும். உடம்பு படியும்வரை இதே பாடம்தான்!

குதிரையே குரு

அடுத்து, நன்றாகப் பழகிய வயதான குதிரை. வித்தை எல்லாம் அதற்குத் தெரியும், மாணவருக்குத் தெரியாது! சரியாகக் காலை அழுத்தினால் ஆடும். தவறினால் ஆடாது.

கடைசிச் சோதனை

சில ஆண்டுகள் கழித்து மாணவர் உதவி வீரர் ஆவார். அப்போது ஒன்றும் அறியாத இளங்குதிரை ஒன்றை ஒப்படைப்பார்கள். மக்கள் முன் வித்தை காட்டும் அளவுக்கு அதைத் தயார் செய்யவேண்டும். பல ஆண்டு உழைப்பு! அவசரப்பட்டால் குதிரை மிரளும். பொறுமைதான் ஒரே வழி. குதிரை தேறினால்தான் அவர் முழு வீரர்.

2008-ல்தான் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்தார்கள். அவர்களில் ஹன்னா சைட்ல்ஹோபர் 2016-ல் முழு வீரர் ஆனார். பள்ளியின் முதல் பெண் வீரர் இவரே!

கற்றதைச் செய்து காட்டுவது எளிது. வாயில்லாப் பிராணிக்குக் கற்றுக்கொடுத்துக் காட்டுவது அல்லவா பரீட்சை!