சாரத்தின் செலவு யாருடையது?

தை பிறப்பதற்கு முன் வீட்டுக்கு வண்ணம் பூசுவது நமது வழக்கம். மார்கழியில் எந்தத் தெருவில் நடந்தாலும், சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் பிணைத்து, குறுக்கே போட்ட ஒற்றைப் பலகையில் நின்றபடி சுவரைத் தேய்ப்பவரைக் காணலாம். அவர் தவறி விழுந்தால், 'கவனமாக இருந்திருக்கலாம்' என்று கூறிக் கடந்துவிடுகிறோம். ஆனால், விபத்தின் வேர் பலகையில் இல்லை. பேசி முடித்த கூலியில் இருக்கிறது.

புதிய கட்டடத்தில் சாரம் பல மாதங்கள் நின்று பல வேலைகளுக்குப் பயன்படும். வண்ணப்பூச்சோ சில நாள் வேலை. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசும் தொகையில் சாரத்துக்கும் பாதுகாப்பு பெல்ட்டுக்கும் தனி இடமில்லை. அவற்றைச் சேர்த்துக் கேட்பவருக்கு வேலை கிடைப்பதில்லை, தவிர்ப்பவருக்குக் கிடைக்கிறது. மிச்சமாகும் பணம் வீட்டு உரிமையாளருக்கு, ஆபத்து தொழிலாளிக்கு. இதையே பொருளியலில் 'புறவிளைவு' என்கிறோம்.

உட்புற வேலையும் பாதுகாப்பானதன்று. பட்டி பார்க்கவும் கூரைக்கு வண்ணம் பூசவும் மேசைமேல் முக்காலி வைத்து ஏறுவோர் உண்டு. 6 அடி உயரத்திலிருந்து விழுபவர், ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில், மணிக்கு ஏறத்தாழ 21 கி.மீ. வேகத்தில் தரையில் மோதுகிறார். முதுகெலும்பு முறிந்தால் அத்துடன் முடிவது அவரது தொழில் மட்டுமன்று, குடும்பத்தின் வருமானமும்தான்.

சட்டம் இவரை எட்டுவது அரிது. 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் 10 பேருக்குக் குறையாத பணியிடங்களையே கருத்தில் கொண்டது. 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பிலும் அவ்வரம்பு நீடிக்கிறது. மூன்று, நான்கு பேர் செய்யும் வண்ணப்பூச்சு அதற்குள் வராது. மறுபூச்சுக்குக் கட்டட அனுமதி தேவையில்லை என்பதால், அப்படியொரு வேலை நடப்பதே அரசுக்குத் தெரியாது. தமிழகத்தில் 1994-இல் அமைந்த கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் உதவித்தொகை வழங்குகிறது. எனினும், விழுந்த பின் கிடைக்கும் நிவாரணம், விழாமல் காக்கும் ஏற்பாட்டுக்கு ஈடாகாது.

என் வீட்டுக்கு வண்ணம் பூசியபோது, வந்த மூன்று விலைப்புள்ளிகளில் குறைந்ததையே தேர்ந்தெடுத்தேன். புறவிளைவைப் பல்லாண்டுகள் வகுப்பில் கற்பித்த நான், அதில் சாரத்தின் செலவு அடங்கியிருக்கிறதா என்று கேட்கவில்லை. நல்வாய்ப்பாக எவரும் விழவில்லை.

தீர்வு கடினமானதன்று. விலைப்புள்ளியில் சாரத்தையும் பாதுகாப்புச் சாதனங்களையும் தனி இனமாக எழுதச் சொல்லி, அத்தொகையில் பேரம் பேசாதிருக்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்கள் இதை ஒப்பந்த நிபந்தனையாக்கலாம். உள்ளாட்சி அமைப்புகள் சக்கரம் பொருத்திய இரும்புச் சாரங்களைக் குறைந்த வாடகைக்குத் தரலாம். பத்துப் பேர் என்னும் வரம்பை அரசு மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

அடுத்த முறை விலை பேசும்போது, சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், எதன்மேல் நின்று பூசுவீர்கள் என்று கேட்போம்.