மூடிய குளிசைக்குள் இருப்பது யாது?

பேலியகொடை மீன் சந்தைக்குச் செல்லும் குடும்பத் தலைவி, செவுளைத் தூக்கிப் பாராமல் எந்த மீனையும் வாங்கமாட்டார். செந்நிறம் மங்கியிருப்பின் அப்பால் நகர்ந்துவிடுவார். அதே அம்மையார் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, மருந்துக் கடையில் மீனெண்ணெய்க் குளிசை வாங்கும்போது விலையை மாத்திரமே பார்க்கிறார். எண்ணெயின் மணத்தைச் செலற்றின் உறை மறைத்துவிடுவதே காரணம். ஆகவே, நமது மூக்குச் செய்யவேண்டிய வேலை ஆய்வுகூடத்தின் பொறுப்பாகிறது.

ஆய்வுகூடம் மூன்று வினாக்களுக்கு விடை தேடுகிறது. முதலாவது, எண்ணெய் பழுதடைந்துள்ளதா? மீனெண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பமிலங்கள் காற்றும் வெப்பமும் வெளிச்சமும் பட்டால் விரைவில் ஒட்சியேற்றம் அடைந்து கெட்டுப்போகும். கேட்டின் முதற்படியைப் பரவொட்சைட்டுப் பெறுமானமும், அடுத்த படியை அனிசிடின் பெறுமானமும் காட்டும். சர்வதேச உணவு நியமங்களை வகுக்கும் கோடெக்ஸ் ஆணைக்குழு, 2017ஆம் ஆண்டில் முன்னதற்கு 5 என்றும் பின்னதற்கு 20 என்றும் எல்லை விதித்தது.

இரண்டாவது, நஞ்சு கலந்துள்ளதா? இரசம் பெரும்பாலும் மீனின் தசையிலேயே தங்கிவிடும். டயொக்சின் போன்ற நச்சுப் பொருள்களோ கொழுப்பிற் கரைபவை. எண்ணெயோடு சேர்ந்தே வரக்கூடும். முறையான சுத்திகரிப்பு அவற்றை வெகுவாகக் குறைக்கும்.

மூன்றாவது, சுட்டுத்துண்டிற் கூறிய அளவு உள்ளே உண்டா? 2015இல் நியூசிலாந்து ஆய்வாளர் சோதித்த 32 வகைகளில், 3 மாத்திரமே கூறிய அளவு ஒமேகா-3 கொண்டிருந்தன. இதற்கு மாறான முடிவுகளைத் தந்த ஆய்வுகளும் பின்னர் வெளிவந்தன. ஒரு முறை சோதித்து ஓய்ந்துவிடலாகாது என்பதையே இது உணர்த்துகிறது.

இலங்கையில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை, மருந்துகளோடு, மருந்துக்கும் உணவுக்கும் இடைப்பட்ட பொருள்களையும் கண்காணிக்கும் அதிகாரம் பெற்றது. எனவே பதிவு இலக்கத்தையும் காலாவதித் திகதியையும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஒரு குளிசையை ஊசியாற் குத்தி முகர்ந்து பாருங்கள். மெல்லிய மீன்மணம் இயல்பு. மூக்கைத் துளைக்கும் காறல் நெடி கேட்டின் அடையாளம். எலுமிச்சை மணமூட்டியிருந்தால் இச்சோதனை பயன்படாது. மீன் ஈரல் எண்ணெயில் விற்றமின் ஏ மிகுதி. கருவுற்ற தாய்மார் வைத்தியரைக் கேளாது அதனை உட்கொள்ளலாகாது.

பரீட்சை நெருங்கியதும் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கென இக்குளிசைகளை வாங்கும் பெற்றோர் பலர். புள்ளிகளை இவை கூட்டும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. வாரத்தில் இரு நாள் நல்ல சாளையோ சூடையோ சமைத்துக் கொடுப்பின் அதே சத்து கிட்டும். அந்த மீனின் தரத்தைச் சோதிக்கத் தாயின் கண்ணும் மூக்குமே போதும்.