பதக்கப் பட்டியலுக்கு வெளியே

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 16 லட்சத்து 42 ஆயிரம் பேர். 2011இல் அது 11 லட்சத்து 80 ஆயிரமாகிவிட்டது. அதே பத்தாண்டில் நாடு முழுவதுமான எண்ணிக்கையோ 2.19 கோடியிலிருந்து 2.68 கோடியாக ஏறியிருக்கிறது. தமிழ்நாட்டில் நாலரை லட்சம் பேருக்கு மேல் குணமாகிவிட்டார்களா? இல்லை, மாறியது கேள்வி. 2001இல் ஒரு கண் மட்டும் தெரிகிறவரும் பார்வைக் குறைபாடு உள்ளவராகக் கணக்கில் வந்தார்; 2011இல் வரவில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் எண்ணிக்கை மட்டுமே ஒன்பதரை லட்சத்துக்கு மேலிருந்து ஒன்றேகால் லட்சத்துக்குச் சரிந்ததற்கு இதுபோன்ற விளக்க மாற்றங்களே பெரிய காரணம். எண் பொய் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னது, அவ்வளவுதான். ஊனமும் விளையாட்டும் சேரும் இடத்தில் நாம் கேட்டுக்கொண்டிருப்பது சரியான கேள்விதானா என்பதே இந்தக் கட்டுரையின் கவலை.

இப்போதைக்கு நாம் கேட்பது ஒன்றே ஒன்று: எத்தனை பதக்கம்? பாராலிம்பிக்கில் இந்தியாவுக்கு 2016 ரியோவில் 4, டோக்கியோவில் 19, 2024 பாரிஸில் 29. பாரிஸில் துளசிமதி முருகேசன், மனீஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் என மூன்று தமிழ்ப் பெண்கள் பாட்மிண்டனில் பதக்கம் வாங்கினார்கள். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ரியோவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், அடுத்த இரண்டு போட்டிகளில் வெள்ளியும் வெண்கலமும் பெற்றார். பெருமைப்பட வேண்டியவைதான். ஆனால் காவிரி டெல்டாவின் பேராவூரணியிலோ வேதாரண்யத்திலோ கதிரடிக்கும் இயந்திரத்தில் கை போன ஒருவர் அதற்குப் பிறகு பந்தைத் தொட்டாரா, ஏன் தொடவில்லை என்பதைப் பதக்கப் பட்டியலால் சொல்ல முடியாது.

அதைச் சொல்லக்கூடியது பண்புசார் ஆய்வு. எண்ணிப் பார்ப்பதற்குப் பதில், சிலரோடு நெடுநேரம் இருந்து, அவர்கள் தங்கள் வாழ்க்கையை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு, சொன்ன விதத்தையே ஆராய்வது. விளையாட்டு, ஊனம் ஆகிய துறைகளில் இதை வேரூன்றச் செய்தவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரெட் ஸ்மித். ஆண்ட்ரூ ஸ்பார்க்ஸ் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து, ரக்பி ஆட்டத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு நடக்க முடியாமல் போன 14 ஆண்களின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டார். சமூகவியலாளர் ஆர்தர் ஃபிராங்க், நோயுற்றவர்கள் சொல்லும் கதைகளை மூன்று வகையாகப் பிரித்திருந்தார்: ‘பழையபடி ஆகிவிடுவேன்’ என்ற மீட்புக் கதை, முன்பின் தொடர்பே இல்லாமல் சிதறும் குழப்பக் கதை, ‘இதுவும் ஒரு பயணம், இதில் வேறு ஆளாகிறேன்’ என்ற தேடல் கதை. அந்த 14 பேரில் பெரும்பாலோர் பிடித்துக்கொண்டது முதல் வகையை. மருத்துவம் ஒருநாள் எழுப்பி நடக்க வைத்துவிடும், அதுவரை வாழ்க்கையை ஒத்திவைக்கலாம் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை அவர்கள் தனியாக உண்டாக்கிக்கொள்ளவில்லை. ஆடுகளம் ஊட்டி வளர்த்த ஆண்மையும், ‘போராடினால் வெல்லலாம்’ என்ற விளையாட்டு மொழியும் கொடுத்தது அது. ஒருவருக்கோ சொல்லக் கதையே இல்லை. நாளை என்ற ஒன்றே அவர் பேச்சில் வரவில்லை. எந்தக் கணக்கெடுப்புப் படிவத்தில் இதற்குக் கட்டம் போடுவது?

நம் ஊர்ப் பத்திரிகைகளுக்கும் ஒரு கதை வார்ப்பு உண்டு. மாரியப்பனுக்கு ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் நசுங்கியது, காய்கறி விற்று வளர்த்த தாய், பிறகு தங்கம். உண்மைதான். ஆனால் பள்ளியில் தூண்டிய உடற்கல்வி ஆசிரியர், பயிற்சியாளர் சத்யநாராயணா, பயிற்சிக்கான இடம், செலவு எல்லாம் இந்தக் கதையில் ஓரத்துக்குப் போய், மன உறுதி மட்டும் நடுவில் நிற்கிறது. ஊனத்தை ‘வென்ற’ மாவீரன் என்ற இந்தச் சித்திரத்தை ஆய்வாளர்கள் பலர் விமர்சித்திருக்கிறார்கள். ஊக்கம் தருவதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். கெடுதல் கதையில் இல்லை. அது ஒன்றே கதையாக இருப்பதில் இருக்கிறது. அப்போது வெல்லாதவர் முயலாதவர் ஆகிவிடுகிறார். சாய்தளம் கட்டாத ஊராட்சி தப்பித்துக்கொள்கிறது. கருணாநிதி முதல்வராக இருந்தபோது அரசு வழக்குக்கு வந்த ‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல் பழைய வசைச்சொற்களைத் துரத்தியது, நல்லது. ஆனால் அதற்குள்ளும் மெல்லிய நிபந்தனை ஒன்று இருக்கிறது. ஏதாவது ஒரு திறனைக் காட்டியாக வேண்டும். காட்ட எதுவும் இல்லாமல், பொழுதுபோக்காகப் பந்து எறிய நினைப்பவர் எந்தச் சொல்லில் அடங்குவார்?

இப்படி இருந்து கேட்டு எழுதும் முறை தஞ்சைத் தரணிக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு தொகுத்து 1918இல் வெளியிட்ட கிராம ஆய்வுகளில் தஞ்சை மாவட்டப் பாலக்குறிச்சி உண்டு. 1950களின் தொடக்கத்தில் மானிடவியலாளர் கேத்லீன் கஃப் இங்கே தங்கி ஆராய்ந்தார். 1976இல் திரும்பியும் வந்தார். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயரிட்ட தஞ்சைக் கிராமத்தைப் பற்றி எழுதிய நூல் 1965இல் வந்தது. நிலம், சாதி, கூலி பற்றி உலகம் படித்த பாடங்களில் சில இந்த வயல்களில் எழுதப்பட்டவை.

அதே முறையில் இன்று என்ன கேட்கலாம்? உலக மாற்றுத்திறனாளிகள் நாளான டிசம்பர் 3ஐ ஒட்டி மாவட்டங்களில் விளையாட்டுப் போட்டி நடத்துவது வழக்கம். டெல்டாவுக்கு அது வடகிழக்குப் பருவமழைக் காலம். கஜா புயல் கரையேறியதே 2018 நவம்பர் 16இல்தான். சேற்றில் சக்கர நாற்காலி எப்படி நகரும், ஊன்றுகோல் எங்கே ஊன்றும்? மாநில அரசின் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. ஆனால் தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டு அரங்கம் வரை வர, முதலில் ஒருவர் வரப்பைத் தாண்ட வேண்டும், பிறகு பேருந்துப் படியை. இதைவிட முக்கியம், கிராமத்தின் விளையாட்டு அரங்கத்தில் இல்லை. அது பொங்கலன்று தெருவில் நடக்கும் உறியடியிலும் கபடியிலும் சாக்கு ஓட்டத்திலும் இருக்கிறது. அங்கே ஒருவர் ஆண்டுதோறும் ஸ்கோர் எழுதவோ மைக் பிடிக்கவோ மட்டும் அழைக்கப்பட்டால், அதை அவர் மரியாதையாக எடுத்துக்கொள்கிறாரா, விலக்கலாகவா? அவரிடம் கேட்டால்தான் தெரியும். அவர் பெண்ணாக இருந்தால் மைக்கும் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி.

14 பேரை வைத்து ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லலாமா என்பது வழக்கமான ஆட்சேபம். சொல்லக் கூடாது, இந்த ஆய்வு ‘எத்தனை பேர்’ என்று சொல்லவே வரவில்லை. ‘எப்படி நடக்கிறது’ என்று சொல்கிறது. பானைச் சோற்றுக்குப் பதம் பார்க்கிற வேலை அல்ல, உலை ஏன் கொதிக்கவில்லை என்று அடுப்பைக் குனிந்து பார்க்கிற வேலை. இன்னொரு ஆட்சேபம் கனமானது: ஆய்வாளர் யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்துக் கதை மாறாதா? மாறும். பெத்தேய் அக்கிரகாரத்தில் தங்கியதால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை. அவர் அதை மறைக்கவில்லை, எழுதியே வைத்தார். எண்களுக்கும் திண்ணை உண்டு. ஒற்றைக் கண் கணக்கில் வருமா என்று தீர்மானித்ததும் யாரோ ஒருவர்தானே. இந்தச் சிக்கலுக்கு ஸ்மித் கண்ட வழி, மாற்றுத்திறனாளிகளையே ஆய்வில் கூட்டாளிகளாக்குவது. வாரத்துக்கு 150 நிமிட உடலசைவு நல்லது என்று 2018இல் இங்கிலாந்தில் வெளியான படவிளக்கம், அவர்களோடு உட்கார்ந்து அவர்கள் சொல்லில் தயாரானது.

அரசுக்கு எண் வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. விளையாட்டில் பங்கேற்க வழிசெய்வது அரசின் கடமை என்று 30ஆம் பிரிவு சொல்கிறது. எத்தனை பேருக்கு எவ்வளவு நிதி என்பதற்குக் கணக்கு வேண்டும்தான். எதற்கு நிதி என்பதை முதலில் யாரிடமாவது கேட்டாக வேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை. தஞ்சைப் பகுதிக் கல்லூரிகளின் உடற்கல்வி, சமூகப்பணி மாணவர்கள் சிலரும், கைபேசியில் ஒரு ஒலிப்பதிவும், அவசரப்படாத காதும் போதும். மாசி, பங்குனியில் போவது நல்லது. சம்பா அறுவடை முடிந்திருக்கும், ஜனங்களுக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும்.