சி.டி. டிரான்ஸ்போர்ட் வாங்கப் போகிறீர்களா?

– மூன்றாமாண்டு இ.சி.இ. மாணவன்



எங்கள் ஆம்பூரில் டிரான்ஸ்போர்ட் என்றால் தோல் கட்டு ஏற்றும் லாரி ஆபீஸ்தான். போன வருஷம் வரை எனக்கும் அந்த அர்த்தம் மட்டுமே தெரியும். என் மாமாவால்தான் இன்னொரு டிரான்ஸ்போர்ட் பற்றித் தெரிந்துகொண்டேன்.

மாமா ஒரு டேனரியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய எழுபது, எண்பது சி.டி.க்களை ஷூ பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறார். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ (1986), ‘நத்திங் பட் விண்ட்’ (1988) இரண்டையும் பிள்ளைகளைத் தொடவே விடமாட்டார். ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் கல்லு மாதிரி இருக்க, பிளேயர் மட்டும் செத்துப் போனது. “இன்னாடா, எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறே, ஒண்ணு பார்த்து வாங்கிக் குடு. மூவாயிரத்துக்கு மேல என்கிட்ட இல்ல” என்று பணத்தைக் கையில் வைத்தார். பென்ஷன் இல்லாத மனிதரின் பணம். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சி.டி. பிளேயருக்குள் இரண்டு வேலைகள் நடக்கின்றன. தட்டிலிருந்து எண்களைப் படிப்பது ஒன்று. அந்த எண்களை மின் அலையாக மாற்றுவது மற்றொன்று. படிப்பதை மட்டும் செய்யும் பெட்டிதான் டிரான்ஸ்போர்ட். அலையாக மாற்றும் பெட்டிக்கு டி.ஏ.சி. என்று பெயர். பிளேயரில் முதலில் சாவது பெரும்பாலும் லேசரும் மோட்டாரும்தான். இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால், கெட்டதை மட்டும் மாற்றினால் போதும்.

படிக்கிற வேலை லேசானதல்ல. 780 நானோமீட்டர் லேசர் ஒளி, உள்ளிருந்து வெளியே சுழன்று போகும் பாதையில் உள்ள குழிகளைத் தடவிக்கொண்டே போகிறது. உள்பக்கம் படிக்கும்போது தட்டு நிமிஷத்துக்குச் சுமார் 500 சுற்று, வெளி ஓரத்தில் சுமார் 200 சுற்று. ஒரு விநாடிக்கு 44,100 சாம்பிள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என இரண்டு சானல். பெருக்கிப் பாருங்கள், விநாடிக்கு 14,11,200 பிட் வரும். கீறல் விழுந்தால்? பதியும்போதே பிழை திருத்தும் எண்களையும் கலந்து, பரவலாக இறைத்து வைத்திருக்கிறார்கள். அதனால் பாதையில் சுமார் இரண்டு மில்லிமீட்டர் வரை அழிந்தாலும் போன எண்களை அப்படியே கணக்குப் போட்டு மீட்டுவிடலாம். அதற்கு மேல் போனால் அக்கம்பக்கத்து எண்களை வைத்து ஊகிக்கும். அதுவும் முடியாவிட்டால் வாயை மூடிக்கொள்ளும்.

அப்படியானால் ஒழுங்காகப் படிக்கிற எந்தப் பெட்டியும் ஒரே எண்களைத்தானே தரவேண்டும்? கேம்பிரிட்ஜ் ஆடியோ சி.எக்ஸ்.சி., ஆடியோலேப் 6000 சி.டி.டி. போன்றவை டிரான்ஸ்போர்ட்டாகவே செய்யப்பட்டவை. நல்ல கட்டுமானம்தான். ஆனால் மாமாவின் மூவாயிரத்துக்கு அவற்றின் அட்டைப்பெட்டிதான் கிடைக்கும். மூலையில் தூங்கும் பழைய டி.வி.டி. பிளேயரே போதும் என்று முடிவு செய்தேன்.

இங்கேதான் ஏமாந்தேன். வேலூரில் ஒரு பழைய சாமான் கடையில் 900 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். பின்னால் சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என மூன்று ஓட்டைகள். “மஞ்சள்தான் தம்பி டிஜிட்டல்” என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன், அதுவும் மூன்றாமாண்டு மாணவன்! மஞ்சள் என்பது டி.வி.க்குப் போகும் வீடியோ. டிஜிட்டல் ஓட்டையும் அதே அச்சில் இருப்பதால் வந்த வினை. கோஆக்சியல் அல்லது ஆப்டிகல் என்று எழுத்தில் போட்டிருக்கிறதா பாருங்கள், நிறத்தை நம்பாதீர்கள். அந்த 900-ஐ மாமாவிடம் சொல்லாமல் என் கைக்காசில் ஈடுகட்டினேன். இந்த மலர் அவர் கைக்குப் போகாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

இரண்டாவதாக 700 ரூபாய்க்கு, கோஆக்சியல் உள்ளது கிடைத்தது. 1,500 ரூபாயில் சின்ன டி.ஏ.சி. ஒன்று. பாட்டு வந்தது, ஆனால் டி.ஏ.சி.யில் 48 என்ற விளக்கு எரிந்தது. சி.டி.க்கு 44.1 அல்லவா எரிய வேண்டும்? சில டி.வி.டி. பிளேயர்கள் எண்களைத் தாங்களாகவே மாற்றி அனுப்பும். செட்டப் மெனுவில் டிஜிட்டல் அவுட்புட்டைத் தேடி மாற்றினேன், 44.1 எரிந்தது. மெனுவில் அந்த வசதியே இல்லாத பெட்டியும் உண்டு. வாங்கும் முன்பே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. டிஜிட்டல் இன்புட் உள்ள சவுண்ட் கார்டில் ஒரு பாட்டைப் பதிவு செய்தேன். அதே பாட்டைக் கம்ப்யூட்டர் டிரைவிலும் எடுத்து, இரண்டையும் சாம்பிளுக்குச் சாம்பிள் பொருத்தி, ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டினேன். திரையில் நேர்கோடு! ஒரு பிட்கூட வித்தியாசமில்லை. கடிகாரத் துடிப்பு முன்பின் ஆடும் ‘ஜிட்டர்’ என்ற விஷயம் பாக்கி இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான், ஆனால் அதை அடக்குவது பெரும்பாலும் டி.ஏ.சி.யின் பொறுப்பு. காசு மிஞ்சினால் அங்கே போடுங்கள்.

வயருக்கும் கவலை வேண்டாம். தேவை 75 ஓம்ஸ். கேபிள் டி.வி.க்காரர் வெட்டிப் போடும் ஆர்.ஜி.6 வயரும் அதே 75 ஓம்ஸ்தான். ஒரு மீட்டர் கேட்டு வாங்கி இரண்டு முனையிலும் ஆர்.சி.ஏ. பிளக் போட்டேன்.

சி.டி. பிளேயரையே டிரான்ஸ்போர்ட்டாக வாங்குவதானால் உள்ளே எந்த லேசர் என்று கேளுங்கள். சோனியின் கே.எஸ்.எஸ். 213 போல ஏராளமான மாடல்களில் போட்ட லேசர் என்றால், பிற்பாடு மாற்றுவதற்குத் தேடி அலைய வேண்டாம்.

நம்ம பக்கத்துக்கென்று ஒரு எச்சரிக்கை. தோலில் முடி நீக்கப் போடும் சோடியம் சல்பைடிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயு வரும். அழுகிய முட்டை வாசனை, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். செம்பையும் வெள்ளியையும் அது கறுக்க வைக்கும். மாமா வீட்டுப் பழைய பிளக்குகள் எல்லாம் கரி மாதிரி இருந்தன. தங்கமுலாம் பூசிய பிளக் பத்து, இருபது ரூபாய் கூடுதல்தான், தாராளமாக வாங்கலாம். சி.டி. தட்டுக்கே கந்தகம் ஆகாத கதையும் உண்டு. இங்கிலாந்தில் 1988 முதல் 1993 வரை ஒரு ஆலையில் செய்த தட்டுகள் பல, அலுமினியத்துக்குப் பதில் வெள்ளி பூசியதாலும், உறைத்தாளின் கந்தகத்தை மேல்பூச்சு தடுக்காததாலும் ஓரத்திலிருந்து பழுப்பேறிக் கெட்டுப்போயின. தட்டுகளை மூடியுள்ள பெட்டியில் வையுங்கள்.

மாமா புல்லாங்குழலைப் போட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “இன்னாடா, கிர்ர்னு ஒரு சத்தம் வருமே, அதைக் காணோம்?” என்றார். அது பழைய பிளேயரின் மோட்டார் சத்தம் என்று சொன்னேன்.

அந்த மஞ்சள் ஓட்டை டி.வி.டி. பிளேயர் ஹாஸ்டலில் என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. பவர் சப்ளை நன்றாக வேலை செய்கிறது. 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் வருகிறது. பிராஜெக்ட்டுக்கு வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.