புயலைத் தாங்கும் கூடாரம்

ஏப்ரல், மே மாதங்களில் சந்தாபுராவில் மாலை மழை பலத்த காற்றோடு வருவதுண்டு. திருமண வீட்டு வாசலில் கட்டிய பந்தலின் துணி காற்றால் உப்பும். கயிறு தளர்ந்தால் பந்தலே சாய்ந்துவிடும். சிறிது நேரக் காற்றுக்கே இந்நிலை என்றால், இமயமலையின் பனிப்புயலில், வெறும் துணிக்குள் இரவைக் கழிப்போர் எவ்வாறு பிழைக்கின்றனர்?

அவர்கள் தங்குவது 'நான்கு பருவக் கூடாரம்'. பெயர் சற்றே ஏமாற்றக்கூடியது. கடும் பனிக்காலத்தையும் தாங்கும் என்பதே அதன் பொருள். கோடையில் இதனுள் உறங்கினால் புழுக்கமே மிஞ்சும்.

காற்றின் வேகம் இரு மடங்கானால், அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே நேரான சுவர் இங்கே உதவாது. கவிழ்த்த கிண்ணம் போன்ற வடிவின்மீது காற்று வழுக்கிச் சென்றுவிடும். அலுமினியக் கழிகள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து முக்கோணங்களாக அமைவதால், ஓரிடத்தில் விழும் விசை பல கழிகளுக்கும் பகிரப்படுகிறது. கழிகள் வளையும், காற்று தணிந்ததும் நிமிரும். இத்தகைய முக்கோண அமைப்புடைய கூடாரத்தை அமெரிக்காவின் நார்த் ஃபேஸ் நிறுவனம் 1975ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தியது.

துணி பெரும்பாலும் இரண்டு அடுக்காக இருக்கும். வெளித்துணி காற்றையும் நீரையும் தடுக்கும். உறங்குவோரின் மூச்சிலுள்ள ஈரம் அதன் உட்புறத்தில் படிந்து உறையும். அது அவர்கள்மேல் உதிராமல் உள்துணி காக்கும். காற்றுத் துளைகள் பனியால் அடைபடலாகாது. அடைபட்ட கூடாரத்தில் அடுப்பு எரிந்தால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு வாயு உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

பந்தலுக்கு அடிக்கும் முளை, தளர்ந்த பனியில் நில்லாது. பையில் பனியை நிரப்பிப் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டுவர். சுற்றிலும் பனி இறுகியபின் அது எளிதில் பெயராது.

எனினும், எத்துணை உறுதியான கூடாரமும் பனிச்சரிவைத் தடுக்காது. 1984 மே மாதம், கர்னல் டி. கே. குல்லர் தலைமையில் இந்தியக் குழு எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. மே 15ஆம் நாள் இரவு, சுமார் 7,300 மீட்டர் உயரத்தில், லோட்சே பனிச்சரிவிலிருந்த மூன்றாம் முகாமில் பச்சேந்திரி பால் நைலான் கூடாரத்தில் உறங்கினார். நள்ளிரவு கடந்து மேலிருந்து பெரும் பனிப்பாளம் உடைந்து வீழ்ந்தது. முகாம் சிதைந்தது, பச்சேந்திரி பனிக்கட்டிகளுக்கிடையே சிக்கினார். உடனிருந்த லோப்சாங் கத்தியால் கூடாரத் துணியைக் கிழித்து வழி உண்டாக்கி, பனிக்கட்டிகளை அகற்றி அவரை வெளியே இழுத்தார். காற்றையும் பனியையும் தடுக்க நெய்த துணியை, உயிர் காக்கக் கிழிக்க நேர்ந்தது.

பலர் காயமுற்றனர், எவரும் இறக்கவில்லை. பச்சேந்திரிக்கும் பின்தலையில் அடிபட்டிருந்தது. அச்சமாக இருந்ததா என்று குல்லர் வினவியபோது, ஆம் என்றார். திரும்பிச் செல்ல விருப்பமா என்றதற்கு, இல்லை என்றார். மே 23ஆம் நாள் பிற்பகல் 1 மணி 7 நிமிடத்திற்கு, எவரெஸ்ட் உச்சியை அடைந்த முதல் இந்தியப் பெண்ணாக அவர் நின்றார்.