இதயத் தமனி இரத்த ஓட்டத்தைக் கணினி வழி மதிப்பிடுதல்

இதயத் தமனி இரத்த ஓட்டத்தைக் கணினி வழி மதிப்பிடுதல் என்பது, தமனிக்குள் கம்பி எதையும் செலுத்தாமல், சி.டி. ஸ்கேன் படங்களைக் கொண்டு அங்குள்ள அழுத்தத்தையும் இரத்த ஓட்டத்தையும் கணக்கிடும் முறையாகும். இவ்வாறு பெறப்படும் அளவு எஃப்.எஃப்.ஆர்-சி.டி. எனப்படுகிறது.

தேவை

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்பவை இதயத் தமனிகள். கொழுப்புப் படிவால் இவை குறுகும்போது நெஞ்சுவலியும் மாரடைப்பும் ஏற்படலாம். ஆனால், படத்தில் குறுகலாகத் தெரியும் எல்லா இடங்களும் ஓட்டத்தைத் தடுப்பதில்லை. பாதி அடைப்புள்ளவையாகத் தோன்றும் இரண்டு தமனிகளில் ஒன்று, படியேறும்போது தேவைப்படும் கூடுதல் இரத்தத்தைத் தரக்கூடும். மற்றொன்று தராமல் போகலாம். அடைப்பின் நீளம், வடிவம், அத்தமனியை நம்பியுள்ள தசையின் அளவு ஆகியவையே இந்த வேறுபாட்டுக்குக் காரணம்.

எஃப்.எஃப்.ஆர். அளவு

இதனை அறிய, நிக்கோ பெய்ல்ஸ், பெர்னார்ட் டி பிராய்ன ஆகிய மருத்துவர்கள் 1990களில் எஃப்.எஃப்.ஆர். என்னும் அளவை உருவாக்கினர். அழுத்தமானி பொருத்திய மெல்லிய கம்பியைத் தமனிக்குள் செலுத்தி, அடினோசின் போன்ற மருந்தால் இரத்த ஓட்டத்தை உச்சநிலைக்குக் கொண்டுவந்து இது அளக்கப்படுகிறது.

எஃப்.எஃப்.ஆர். = அடைப்புக்கு அப்பாலுள்ள சராசரி அழுத்தம் ÷ பெருந்தமனியின் சராசரி அழுத்தம்

எடுத்துக்காட்டாக, பெருந்தமனியில் 100 மி.மீ. பாதரச அழுத்தமும் அடைப்புக்கு அப்பால் 75 மி.மீ. அழுத்தமும் இருந்தால், விடை 0.75. பொதுவாக 0.80 அல்லது அதற்குக் குறைவான அளவு, ஓட்டத்தைத் தடுக்கும் அடைப்பாகக் கருதப்படுகிறது. 1,005 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஃபேம் ஆய்வில், இவ்வளவைப் பார்த்து ஸ்டென்ட் வைத்தவர்களில் 13.2 விழுக்காட்டினருக்கே ஓராண்டுக்குள் இறப்பு, மாரடைப்பு அல்லது மறுசிகிச்சை நேர்ந்தது. படத்தை மட்டும் நம்பிய பிரிவில் இது 18.3 விழுக்காடு.

கணினி செய்யும் பணி

1. சி.டி. ஆஞ்சியோகிராம் படங்களிலிருந்து அந்நோயாளியின் தமனிகளுக்கு முப்பரிமாண வடிவம் அமைக்கப்படுகிறது.
2. இதயத் தசையின் நிறையிலிருந்து ஓய்வுநிலை இரத்த ஓட்டமும், தமனிக் கிளைகளின் பருமனிலிருந்து நுண்குழாய்களின் தடையும் மதிப்பிடப்படுகின்றன.
3. அடினோசின் தந்தாற்போல அத்தடை கணக்கில் குறைக்கப்படுகிறது.
4. பாய்ம இயக்கத்துக்கான நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகளுக்குத் தீர்வு கண்டு, ஒவ்வோர் இடத்திலும் அழுத்தம் கணக்கிடப்படுகிறது.

பயன்பாடு

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டெய்லர் முதலானோர் செய்த ஆய்வுகள் இம்முறைக்கு அடித்தளமிட்டன. ஹார்ட்ஃபுளோ நிறுவனத்தின் மென்பொருளுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014இல் அனுமதி வழங்கியது. 2015இல் வெளியான பிளாட்ஃபார்ம் ஆய்வில், கம்பிவழி ஆஞ்சியோகிராமுக்குத் திட்டமிடப்பட்டு, அதற்குப் பதிலாக முதலில் இம்முறையில் சோதிக்கப்பட்டவர்களுள் 61 விழுக்காட்டினருக்கு அச்சோதனை கைவிடப்பட்டது.

வரம்புகள்

சி.டி. படம் தெளிவாக இருந்தால்தான் கணக்கும் சரியாக இருக்கும். மிகுந்த சுண்ணாம்புப் படிவு, சீரற்ற இதயத்துடிப்பு, முன்பே வைத்த ஸ்டென்ட் ஆகியவை படத்தைக் கெடுக்கலாம். கதிர்வீச்சும் சாய மருந்தும் இம்முறையிலும் உண்டு. விடை 0.80க்கு மிக அருகில் வரும்போது, கம்பிவழி அளவீடு தேவைப்படலாம். மாரடைப்பு நேர்ந்துகொண்டிருப்பவருக்கு இச்சோதனை உரியதன்று. அவருக்கு உடனடிச் சிகிச்சையே தேவை.